உண்ணி டாக்டரின் பெயர்

பேர் தொண்டை வரைக்கும் வந்தது, நாக்கு நுனியில் ஏறி உட்கார்ந்தது, பிடித்துவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. ரூபாவதி ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, சில்வர் ஓக் மரத்தடியில் நின்றபடி, கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலாவது இருக்குமோ என்று ஒரு நப்பாசை. 'எங்கள் டாக்டர் எங்களுக்கு வேண்டும்' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் கையெழுத்துதான். நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையில் குந்தி உட்கார்ந்து எழுதியது. எழுதும்போது ஒரு மூலையிலாவது அந்த மனுஷன் பேரைப் போட்டிருக்கக் கூடாதா, எங்கள் டாக்டராம் எங்கள் டாக்டர், இந்தக் கரடிச்சோலை ஊரில் மாட்டு டாக்டரும்தான் எங்கள் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியை நடத்துகிற டிரஸ்டின் கமிட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. டாக்டரை வைத்துக்கொள்வதா, இந்த மாதத்தோடு அனுப்பிவிடுவதா என்று இன்றைக்கு முடிவு செய்கிறார்கள். நோயாளிகள் பக்கத்திலிருந்து ஒரே ஒருத்தர் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒருத்தர் ரூபா டீச்சர்தான் என்று எல்லாருமாகச் சேர்ந்து தள்ளிவிட்டார்கள், பி.டி. டீச்சராச்சே, மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் இருக்கிற பையன் சட்டையை எடுத்து உள்ளே விடுவான், அந்தத் தொண்டை போதாதா என்று. தொண்டை இருக்கிறது. தொண்டைக்குள் பேர்தான் இல்லை.

கல்யாண வாசனை அடிக்கிற பேர், அது மட்டும் நிச்சயம். முதல் தடவை அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவுக்கு மேலிருந்த பலகையைப் படித்தபோது, முட்டிவலி உயிரை எடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, பேரைப் பார்த்தால் பந்தலில் உட்கார வேண்டிய ஆள், ஆளைப் பார்த்தால் பந்தலைப் பிரிக்க வந்தவர் மாதிரி இருக்கிறாரே என்று. கூத்தைப் பார், அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, பந்தல் ஞாபகம் இருக்கிறது, ஒரு கையை மடித்துவிட்டு ஒரு கையை மடிக்க மறந்த சட்டையோடு அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, பேர் மட்டும் மொய் எழுதாமல் நழுவின விருந்தாளி மாதிரி எங்கேயோ போய்விட்டது. கல்யாணசுந்தரமா? இல்லை, சுந்தரம் கிடையாது. கல்யாணராமன்? ராமனும் இல்லை. மங்களம், மங்களநாதன், மாலை, மாலையப்பன், தாலி, தாலி என்று யாராவது பேர் வைப்பார்களா, அட்சதை, ஓமம், சீர்வரிசை, வரதட்சணை, வரதன், வரதராஜன், ஆ, வரதராஜன்! இல்லையே, அது அவள் கல்யாணத்துக்குச் சமைத்தவர் பேர் அல்லவா, ரசத்துக்கு உப்புப் போடாமல் இறக்கிவிட்டு, மலைத் தண்ணிக்கு உப்பு ஏறாதுங்க என்று சம்பந்தி வீட்டாரிடமே சாதித்த வரதராஜன். அன்றைக்கு மண்டபத்துக்குள் பனி புகுந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் பாதிப் படத்தில் வெள்ளைதான், வெள்ளைக்கு நடுவே சபேசனின் நெற்றிப் பட்டம் மட்டும் பளபளவென்று தொங்கும், இதுதான் மாப்பிள்ளை, தேடிக்கோ என்கிற மாதிரி. மாப்பிள்ளை என்றும் பேர் இல்லை. மாப்பிள்ளைக்கு வேறு ஒரு சொல் உண்டே, பத்திரிகையில் போடுகிற சொல், வரன், மணமகன், பக்கத்தில் எங்கேயோதான் இருக்கிறது, இருட்டு அறையில் தீப்பெட்டியைத் தடவுகிற மாதிரி கை படுகிறது, விலகுகிறது. போய்ப் பலகையைப் பார்க்கலாமென்றால் நோயாளிகளைப் பார்க்கிற பக்கத்தைக் கமிட்டிக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சபேசன் கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய பையை விரித்து வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் வட்ட வட்டமாக வர்க்கி பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தான். பேக்கரிக்காரனுக்குப் போராட்டம் என்றாலும் வர்க்கி, சாவு என்றாலும் வர்க்கி. அவள் மெல்லப் பக்கத்தில் போய், "ஏங்க, டாக்டர் பேர் என்ன?" என்று கேட்டாள், சும்மா கேட்பது போல, அட்டையை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு. "எந்த டாக்டர்?" என்றான் அவன். "நம்ம டாக்டர்தான், யாருக்காக இங்க வந்து நிக்கிறோம்?" "உண்ணி டாக்டர்" என்றான், வாயெல்லாம் மாவுத்தூளாக, இதிலென்ன சந்தேகம் என்கிற மாதிரி. உண்ணி டாக்டர் என்பது அவளுக்குத் தெரியாதா. அவள் செல்போனில்கூட அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறாள். மலைமேல் கைக்குழந்தையிலிருந்து பென்ஷன்காரர் வரைக்கும் அவருக்கு அதுதான் பேர். ஒரு தடவை கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நேரே உள்ளே போய் அவரிடம் மலையாளத்தில் மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டது, உண்ணி என்பது மலையாளப் பேர், நம்ம ஊர்க்காரர்தான் என்று நினைத்துக்கொண்டு. அவரும் பாவம், பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நான் அந்த உண்ணி இல்லைங்க, கடிக்கிற உண்ணி என்றாராம். ஆனால் கமிட்டி முன்னால் போய் நின்று உண்ணி டாக்டர் என்று சொல்ல முடியுமா? பிராதே அதுதானே. உண்ணி, உண்ணி என்று சொல்லிச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்துகிறார் என்பதுதானே விடுதிக்காரர்கள் சங்கம் எழுதிக் கொடுத்த புகார். காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் அவர் தன் கையாலேயே ஒரு பலகை நட்டார், புல்லில் உட்கார்ந்தால் உடம்பில் உண்ணி ஏறும், பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் துணியை உதறி உடம்பைத் தேடிப் பாருங்கள் என்று எழுதி. அதை யாரோ டூரிஸ்ட் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டான். கோடை சீசனில் அறைகள் காலியாகக் கிடந்தன. உண்ணி கடித்தால் வருமாம் லைம் என்று ஒரு நோய், அது இந்த மலையில் கிடையவே கிடையாது, எலுமிச்சம்பழத்தைத் தவிர இங்கே எந்த லைமும் இல்லை என்று சங்கத்துச் செயலாளர் மேடையில் பேசிக் கைதட்டும் வாங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ரூபாவதியும் ஒருத்தி. கைதட்டத் தெரியாமல், சிரிக்கவும் தெரியாமல், முட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எலுமிச்சம்பழமாம். நோய் வந்தவர்களுக்குத்தானே தெரியும். அது எப்படி வந்தது என்பதே அவளுக்கு அப்போது தெரியாது. மாவட்ட ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய தினமும் விடியலில் சோலை ஓரமாக ஓடுவார்கள். திரும்பி வந்து புல்லில் மல்லாந்து கிடப்பார்கள், அந்தக் குளிர்ந்த புல்லில் முதுகு படும்போது என்ன ஒரு சுகம், இப்போது நினைத்தாலும் முதுகு அதைக் கேட்கிறது. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது சபேசன்தான் பார்த்தான், முழங்காலுக்குப் பின்பக்கம் சிவப்பாக ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, கேரம் போர்டு நடுவட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி. படர்தாமரை என்று அவனே தீர்ப்புச் சொல்லி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிவந்து பூசினான். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் ஒருநாள் தானாக மறைந்தது, களிம்புக்கு வெற்றி என்று அவன் கொண்டாடினான். அதற்குப் பிறகுதான் காய்ச்சல், அதற்குப் பிறகு முட்டி, தேங்காய் அளவுக்கு, படியேறினால் கண்ணில் தண்ணீர். ஒரு டாக்டர் மூட்டுவாதம் என்றார், ஒருத்தர் தைராய்டு என்றார், மலையிறங்கிப் போய்ப் பார்த்த ஒரு டாக்டரம்மா, மாதவிலக்கு நிற்கிற வயசு, மனசை லேசாக வச்சுக்கோங்க என்றார். மனசை லேசாக வைத்துக்கொண்டு முட்டியை என்ன செய்வது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை நேரில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பி.டி. டீச்சருக்கு நாற்காலி போடச் சொன்னார், அந்த நாற்காலி போதும், அதற்கு வேறு சொல் வேண்டாம். ஆனால் அதெல்லாம்கூட பரவாயில்லை. அந்த வெள்ளிக்கிழமை அசெம்பிளிதான். பிரார்த்தனை முடிந்தது, கொடி இறங்கியது, அட்டென்ஷன் சொன்னாள், ஸ்டாண்டட்டீஸ் சொன்னாள், கடைசியாகச் சொல்ல வேண்டிய ஒரு சொல், பிள்ளைகளைக் கலைந்து போகச் சொல்கிற சொல், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் சொல்கிற சொல், வரவில்லை. மண்டைக்குள் அந்த இடம் துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் மார்பை நிமிர்த்திக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. காக்கை கத்துகிறது. முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு மூக்கு ஒழுகுகிறது, துடைக்கலாமா கூடாதா என்று அது தவிக்கிறது. அப்போது நல்லவேளையாக மழை வந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு தாங்களே கலைந்து ஓடினார்கள். எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், டீச்சரே மழையைக் கூப்பிட்டுட்டாங்க என்று. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு டிஸ்பர்ஸ், டிஸ்பர்ஸ், டிஸ்பர்ஸ் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்புறம்தான் இந்த டாக்டர். அவர் கேட்ட கேள்விகள். வலி எங்கே என்று அவர் முதலில் கேட்கவே இல்லை. "காலைல எங்கம்மா நடப்பீங்க?" என்றார். எந்தப் பாதை, புல் எவ்வளவு உயரம், சாக்ஸ் போடுவீங்களா, வீட்டில் நாய் உண்டா, அந்தப் பக்கம் ஆடு மேயுமா, மான் வருமா. இவள் சபேசனைத் திரும்பிப் பார்த்தாள், இந்த ஆள் டாக்டரா, ஃபாரஸ்ட்காரரா என்று. பிறகு, உடம்பில் எப்போதாவது வட்டமா சிவந்துதா என்று கேட்டார். சபேசன் களிம்பு கதையை வெற்றிக்கதையாகவே சொன்னான். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார், "அந்த வட்டத்தை எனக்கு வரைஞ்சு காட்டுங்க" என்றார். சபேசன் வரைந்தான், வர்க்கி மாதிரி. ரத்தம் கீழே லேபுக்குப் போய், லைம்தான் என்று முடிவு வந்தது, மாத்திரை, பிறகு ஊசி, முட்டி வடிய மாசக்கணக்காயிற்று. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் மாதிரி, அவசரமில்லாமல், சில சேற்றோடு. எல்லாம் வந்துவிட்டது என்றுதானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வந்ததில் ஒன்று இப்போது மறுபடி கயிற்றை அறுத்துக்கொண்டதே. ஒன்று போனால் பின்னாலேயே மற்றதும் போகுமோ. முட்டியை லேசாக மடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை, அல்லது ஏதோ இருக்கிறதோ, வலியா, இல்லை ரொம்ப நேரம் நின்றதாலா. பிள்ளைகள் பேரைச் சொல்லிப் பார்க்கலாமா, வேண்டாம், சொல்லிப் பார்த்து ஒன்று வராமல் போனால்? ஊசியும் மாத்திரையும் முடிந்தபோது டாக்டர் சொன்னார், இனிமே பயப்படாதீங்க, ஆனா ஏதாவது தோணினா உடனே வாங்க என்று. ஏதாவது தோன்றுகிறது டாக்டர், உடனே வந்துவிட்டேன், வந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்களா மாட்டீர்களா என்று உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவரை அனுப்பிவிட்டால் பிறகு யார் இருக்கிறார்கள், மறுபடி மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்கிற அந்த அம்மாதான்.

"டீச்சரம்மா, மொகத்த ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. பெள்ளி கவுடர். கேரட் தோட்டக்காரர், தலையில் வெள்ளை முண்டாசு, இந்தக் கூட்டத்துக்காகவே சலவை செய்தது. அவருக்கும் இதே நோய்தான், ஆனால் அவருக்கு முட்டியில் வரவில்லை, முகத்தில் வந்தது. ஒரு பக்கம் தொங்கிப்போய், அந்தப் பக்கத்துக் கண் மூடவே மூடாது. மற்றக் கண் மட்டும் இமைக்கும். மார்க்கெட்டில் அவர் விலை சொல்லும்போதெல்லாம் கண்ணடிக்கிறார் என்று நினைத்து வியாபாரிகள் விலையைக் குறைத்துக் கேட்டார்களாம், அந்தப் போகம் பூராவும் நஷ்டம், ஒரு மண்டிக்காரர் பெண்சாதி சண்டைக்கே வந்துவிட்டாளாம். இதை அவரே இரண்டு கண்ணையும் ஒழுங்காக இமைத்துக்கொண்டு சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும். அவரிடம் கேட்டால் என்ன. "கவுடரே, நம்ம டாக்டர் பேரு என்னங்க?" கவுடர் யோசித்தார். வானத்தைப் பார்த்தார். "டாக்டரு பேரு டாக்டரு" என்றார், ஞானம் கிடைத்தவர் மாதிரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜீப் ஓட்டுகிற ஷாநவாஸ் ஜீப்பின்மேல் ஏறி நின்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தான், "கடிச்சது உண்ணி, காப்பாத்தினது யாரு?" கூட்டம் "டாக்டரு! டாக்டரு!" என்றது. அதிலும் பேர் இல்லை. கூட்டம் கேட்டையே அடைத்துக்கொண்டு நின்றது, ஆம்புலன்ஸ் வந்தால் எப்படி உள்ளே போகும். அவளையறியாமல் கை இடுப்புக்குப் போயிற்று. "ஏய், யாரது நடுவழியில? எல்லாரும் மரத்துப் பக்கம், ரெண்டு வரிசை, குட்டை முன்னால, நெட்டை பின்னால!" அவ்வளவுதான், தேயிலைத் தோட்டத்து ஆட்களும் ரிட்டயர்டு தாசில்தாரும் கம்பளி போர்த்திய பாட்டிகளும் மளமளவென்று நகர்ந்து உயரவாரியாக நின்றார்கள். ஷாநவாஸ்கூட ஜீப்பிலிருந்து குதித்து, தான் எங்கே நிற்பது என்று கூச்சத்தோடு அளந்து பார்த்தான். அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பயம் மறந்துபோயிருந்தது. சரியாக அந்த நிமிஷத்தில்தான் உள்ளேயிருந்து சிஸ்டர் வந்து, "டீச்சர், உங்களைக் கூப்பிடறாங்க" என்றாள்.

உள்ளே நீள மேசை, பச்சை விரிப்பு, ஃப்ளாஸ்க், பிஸ்கட் தட்டு. நடுவில் தலைவர் கோதண்டபாணி, டிரஸ்டுக்குப் புதிதாக வந்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். ஒரு பக்கம் விடுதிச் சங்கத்துச் செயலாளர், எலுமிச்சம்பழக்காரர். இன்னொரு பக்கம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த வயதான ஒரு பெண் டாக்டர், கமிட்டிக்கு அபிப்பிராயம் சொல்ல வரவழைத்தவர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக, பரீட்சை அறையில் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி, அவர். டாக்டர். ஒரு கை மடித்து, ஒரு கை மடிக்காமல். அவரைப் பார்த்ததும் பேர் சர்ரென்று மேலே வந்தது, இதோ, இதோ, போய்விட்டது. தலைவர் எதிரே இருந்த தாளைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, டாக்டர் உண்ணியைப் பத்தி நீங்க என்ன சொல்ல விரும்பறீங்க?" என்றார். ரூபாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புகார் எழுதியவர்களும் அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள். "சார், அவர் பேரு உண்ணி இல்லைங்க சார்" என்றாள். "ஓ. அப்போ என்ன பேரு?" மின்விசிறி சுற்றுகிறது, இந்தக் குளிரில் எதற்கு மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே, மரத்தடியிலிருந்து நகர்ந்து வந்த இரண்டு வரிசையும் எட்டிப் பார்க்கிறது. மண்டைக்குள் கரும்பலகை துடைத்து வைத்திருக்கிறது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். டாக்டர் சார் என்று சொல்லித் தாண்டிப் போகலாம். இத்தனை நாள் அப்படித் தாண்டித் தாண்டித்தானே வந்தாள், மறந்ததை மறைக்க ஒரு வார்த்தை, வலித்ததை மறைக்க ஒரு சிரிப்பு. "மறந்துபோச்சுங்க சார்" என்றாள்.

செயலாளர் இருமினார், அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. "டாக்டரைக் காப்பாத்த வந்தவங்களுக்கு டாக்டர் பேரே தெரியலையே" என்றார். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் சுவரோரமாக இருந்தவர் எழுந்துவிட்டார். தன்னை விசாரிக்கத்தான் இந்தக் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "எப்பலேர்ந்து?" என்றார். "காலைலேர்ந்து டாக்டர்." "வேற எதாவது மறந்துதா? வீட்டுக்கு வர்ற வழி, அடுப்புல வெச்சது?" "இல்லைங்க." "தூக்கம்?" "நேத்து சரியா வரலை, இன்னிக்குப் பேசணுமேன்னு." "முட்டி?" "இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு." "இந்த வருஷம் உங்க ரிலே டீம்ல யார் யாரு?" இதைச் சொல்லிப் பார்க்கத்தானே அவள் பயந்துகொண்டிருந்தாள். வாய் தானாகத் திறந்தது. "மாதேவி, கிறிஸ்டினா, பானு, சிந்துஜா. சிந்துஜாவுக்குக் கால் சுளுக்கினா செவ்வந்தி. மாதேவிதான் முதல்ல ஓடணும், அவ கடைசியா நின்னா பேட்டனை வாங்கறதுக்கு முன்னாலயே ஓடிடுவா." ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். "என் பேரை நீங்க எப்பவாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கீங்களா?" அவள் யோசித்தாள். "இல்லைங்க. உண்ணி டாக்டர்னுதான்…" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெளியே இருக்கறவங்க?" "அவங்களுக்கும் தெரியாதுங்க. கேட்டுப் பார்த்துட்டேன்." "அப்போ இது மறதி இல்லைம்மா. ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத பேரு எப்படி மனசுல நிக்கும்? பயம், தூக்கமில்லை, நின்ன களைப்பு. அந்த நோய் திரும்பலை. முட்டியை நாளைக்குப் பார்த்துடலாம், மனசு சமாதானத்துக்கு. என் பேர் மணவாளன்." மணவாளன்! அட, மணவாளன்! பந்தலில் உட்கார வேண்டிய ஆள்! அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பையா அழுகையையா எதைப் பொத்துகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னல் பக்கம் "மணவாளனாம்ல, மணவாளனாம்ல" என்று பேர் வரிசையின் கடைசி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பெண் டாக்டர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "உண்ணி கடிச்சா வர்ற அந்த வட்டம், படம் ஏதும் எடுத்திருக்கீங்களா?" என்று மணவாளனைக் கேட்டார். டீச்சருடையது இல்லை, ஆனால் மற்றவர்களுடையது இருக்கிறது என்று அவர் செல்போனை நீட்டினார். இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். எத்தனை பேருக்கு ரத்தத்தில் உறுதியாச்சு, வேறொரு லேபில் பார்த்தீர்களா, பார்க்க வேண்டும், நான் ஏற்பாடு செய்கிறேன், ஊசி எத்தனை வாரம், அதற்கு மேல் வேண்டாம், நானும் அதற்கு மேல் போடுவதில்லை, இவருக்கு மூட்டில் எடுத்த நீரில் என்ன இருந்தது. தலைவர் ஒரு தடவை "அப்போ கமிட்டியோட…" என்றார், யாரும் நிமிரவில்லை. கடைசியில் கோயம்புத்தூர் டாக்டரே நிமிர்ந்து, "இந்த மலையில லைம் கிடையாதுன்னு நானும்தான் சொல்லிட்டிருந்தேன், யாரும் தேடலை, அதனால கிடைக்கலை. இவரை அனுப்பினா மறுபடி யாரும் தேடமாட்டாங்க" என்றார், குரலை உயர்த்தாமல். செயலாளர், "ஆனா மேடம், அந்தப் பலகை…" என்று ஆரம்பித்தார். ரூபாவதிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "சார், உங்க விடுதியில தங்கறவங்க பிள்ளைங்களும் அந்தப் புல்லுலதானே உருளறாங்க. பயத்துல ஒரு தடவை வராம இருக்கறவங்க திரும்ப வருவாங்க. நோயை வாங்கிட்டுப் போனவங்க வரமாட்டாங்க" என்றாள். மைதானத்துக் குரல் அல்ல, சாதாரணக் குரல்தான், ஆனால் வெளியே கடைசி வரிசை நெட்டைக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். செயலாளர் குனிந்து தன் பேண்ட் முனையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

தலைவர் படியில் வந்து நின்று சொன்னார், டாக்டர் மணவாளன் இங்கேயே இருப்பார், ரத்தப் பரிசோதனைகளை இனி இரண்டு இடத்தில் பார்ப்பார்கள், பலகை இருக்கும், ஆனால் எழுத்து இன்னும் கொஞ்சம் அன்பாக இருக்க வேண்டும். கடைசி வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை, ஷாநவாஸ் ஜீப் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டான். வரிசை கலைந்தது, யாரும் கலையச் சொல்லாமலே. பெள்ளி கவுடர் முண்டாசை அவிழ்த்துத் தலைக்குமேல் சுற்றினார். சபேசன் மீதி வர்க்கியையெல்லாம் டாக்டர் கையிலேயே திணித்தான். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, "ஓ.பி. நேரம் ஆயிடுச்சே, டோக்கன் போட்டாச்சா?" என்று சிஸ்டரைக் கேட்டார். யாரும் டோக்கன் போடவில்லை, போட வேண்டிய சிஸ்டரும் கூட்டத்தில்தான் இருந்தாள். அவ்வளவுதான். வந்ததே வந்தோம், டாக்டரும் இருக்கிறார், நாமும் இருக்கிறோம், சும்மா போவானேன் என்று ஒருத்தர் டோக்கன் ஜன்னலுக்குப் போனார், பின்னாலேயே இன்னொருத்தர், தாசில்தார் இருமலைக் காட்டிக்கொண்டு ஓடினார், கவுடர் எனக்கு நாலு நாளா காது அரிக்குது என்று முந்திக்கொண்டார். போராட்டக் கூட்டம் முழுவதும் கண் மூடித் திறப்பதற்குள் ஓ.பி. வரிசையாக மாறிவிட்டது. அட்டைகள் பெஞ்சின்கீழ் குவிந்தன. சிஸ்டர் மூச்சிரைக்க டோக்கனை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்து, ரூபாவதிக்கும் ஒன்றை நீட்டினாள். "டீச்சர், நீங்களும் இப்பவே பார்த்துட்டுப் போயிடுங்களேன்." ரூபாவதி உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவுக்கு மேலே பலகையில் மணவாளன் என்று இருந்தது, சொட்டு மருந்து போஸ்டர் பாதியை மறைத்துக்கொண்டு. உள்ளே அவர் கவுடரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வரேன் சிஸ்டர்" என்றாள் அவள், "இப்ப எனக்கு நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் ஏழாங் கிளாஸுக்குக் கபடி இருக்கு." பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. சபேசன் காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வா வா என்று கையாட்டினான்.